தீட்டிய அரிசியும் நியாயமும்

இயந்திரத்தில் தீட்டிய வெள்ளை அரிசியை நிந்திப்பது இக்காலத்தில் மிகச் சுலபமான காரியமாகிவிட்டது. ஆனால் அப்படி நிந்திப்பவர்களில் பெரும்பாலோர், விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்து, வீட்டாரின் அன்றைய சோற்றுக்கு வேண்டிய நெல்லைக் குத்திப் புடைத்தவர்கள் அல்லர் என்பதை முதலில் ஞாபகத்தில் கொள்வது நல்லது. அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையதாகவே இருந்தது. வசதியுள்ள குடும்பங்கள் அதைக் கூலிக்கு விட்டன. வேறு ஆதரவற்ற விதவைகள் பலருக்கு அந்தக் கூலியும், புடைக்கும்போது ஒதுங்கும் நொய்யுமே ஜீவனம். ஆகையால் ரைஸ் மில் வந்தபோது, உரலடியிலிருந்து விடுதலை பெற்றவளும் உரலடியில் கிடைத்த கஞ்சியை இழந்தவளும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில், வாழ்ந்தார்கள். ஒருத்தியின் சௌகரியத்தைக் கூட்டி மற்றவளின் பசியைக் கழித்து மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது நியாய விசாரணை ஆகாது; சௌகரியம் பெற்றவள் பசித்தவளுக்கு அந்த மிச்சத்திலிருந்து ஒரு பிடியும் கொடுக்கவில்லையே.

தஞ்சாவூரில் பிறந்தவரும், 1934இல் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை முன்னின்று நடத்தியவருமான ஜே. சி. குமரப்பா, கைக்குத்தல் அரிசிக்காக ஓயாமல் வாதாடினார். ஆலை கிராமத்தின் கூலியையும் கொண்டுபோகிறது, அரிசியின் சத்தையும் கொண்டுபோகிறது என்பது அந்த வாதத்தின் சாரம். இதன் முற்பகுதியை முழு மனத்தோடு ஒப்புக்கொள்வது கடினம். ஏழைப் பெண்ணுக்கு வேறு பிழைப்பு இல்லாததைக் காரணமாகக் காட்டி, அவளை உலக்கையோடு கட்டிவைப்பது கருணை போலத் தோன்றினாலும் கருணை அன்று. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு வேலையே அன்றி அதே வேலை அன்று. பிற்பகுதியோ அசைக்க முடியாதது.

டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில், ஆஸ்பத்திரிச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்ததையும், தீட்டாத அரிசி போட்டதும் அவை தேறி நடந்ததையும் கிறிஸ்தியான் எய்க்மான் என்ற வைத்தியர் 1890களில் கவனித்தார். சத்துக் குறைவால் கால்களை முடக்கும் பெரிபெரி நோயின் மூலத்தை நோக்கித் திறந்த இந்த வாசலுக்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் தொடங்கிய ஆராய்ச்சியும் அரிசியையே வெகுவாகக் கவனித்தது. பச்சரிசி உண்ட, தெலுங்கு தேசத்து வட சர்க்கார் கடலோரத்தில் பெரிபெரி வேரூன்றியிருக்க, புழுங்கல் அரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டுச் சத்து மணிக்குள்ளே இறங்கிவிடுவதே காரணம். சாஸ்திரம் அறியாத கிராமத்துப் பானை செய்த உபகாரம் இது. இன்றைய நீரிழிவுக்கும் வெள்ளை அரிசி ஒன்றையே குற்றவாளியாக்குவோர் உண்டு. உடலசையாத உத்தியோகத்தையும் சர்க்கரையையும் எண்ணெயையும் விட்டுவிட்டு அதை மட்டும் பிடிப்பது அநியாயம்.

ஆயினும் உமி நீக்குவது வேறு, தவிடு நீக்குவது வேறு என்பதை இவ்விவாதத்தில் இரு தரப்பாரும் மறந்துவிடுகிறார்கள். பழைய ஹல்லர் இயந்திரம் இரண்டையும் ஒரே உரசலில் செய்தது. உமியும் தவிடும் கலந்து விழுந்தன. அப்போது ஆலைக்காரர் மீது பழி சொல்ல அதிக இடமில்லை. பின்வந்த ரப்பர் உருளை ஆலைகளோ உமியை மட்டும் தனியே நீக்க வல்லவை. அதன்பிறகும் அரிசியை வெளுக்க வெளுக்கத் தீட்டுவது இயந்திரத்தின் நிர்ப்பந்தமன்று, நம்முடைய இச்சை. உலக்கையின் பாரத்தை இறக்கிவைத்த நன்மைக்கு இயந்திரத்தை வாழ்த்தலாம். வெண்மையின் தீமையை அதன் தலையில் சுமத்தலாகாது. வியாபாரிக்கு ஒரு சமாதானம் உண்டு: தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி விரைவில் சிக்கு நாற்றம் அடிக்கும், வண்டு பிடிக்கும்; தொலைதூரம் அனுப்பி மாதக்கணக்கில் கிடங்கில் வைக்க அது ஆகாது. இது மெய். தூரத்து நகரங்களுக்கும் பஞ்சம் பட்ட ஜில்லாக்களுக்கும் தானியம் போய்ச் சேர்வதும் ஒரு தர்மம் ஆதலால், இந்தச் சமாதானத்தை இகழ்வதற்கில்லை. ஆனால் அறுவடையான தாலுக்காவிலேயே அரைத்து, அங்கேயே இரண்டொரு வாரத்தில் உலையேறும் அரிசிக்கு இது எப்படிப் பொருந்தும்?

சமீப ஆண்டுகளில் அரசாங்கம், தீட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் ஏற்றிய மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து ரேஷனில் கொடுக்கத் தொடங்கியது. இரத்தசோகை மிகுந்த நாட்டில் இதைக் கேலி செய்யலாகாது. ஆனாலும் ஆலையில் ஒரு சத்தைச் சுரண்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேறொரு ஆலையில் வேறு சத்தை உருவாக்கி மனிதனுக்குச் சேர்ப்பது விநோதமான சிக்கனம்.

தீட்டுவதைக் குறைக்கும்படி உத்தரவிட அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசமாகவே தரப்படுகிறது. ஆனால் அந்த அரிசியில் தவிட்டு நிறம் தெரிந்தால், அதை வாங்குகிறவள் அவமதிப்பாகவே கொள்வாள். தலைமுறை தலைமுறையாகக் கூழும் களியும் உண்ட வீட்டுக்கு, பெரிய வீட்டு இலையில் மட்டுமே கண்ட வெள்ளைச் சோறு வந்து சேர்ந்தது சமீப காலத்தில்தான். அது வந்த பிறகே பெரிய வீட்டார் வெண்மையின் கேட்டைக் கண்டுபிடித்து, கைக்குத்தல் அரிசியை அதிக விலை கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். அவளுடைய சந்தேகம் தவறு என்று அவளிடம் சொல்ல அவர்களுக்கு வாய் ஏது?