இரவல் விழிப்பு

அறிவைக் கூராக்கும் மருந்துகள் எனப் பல இன்று விற்கப்படுகின்றன. அவை நம்மை அடிமையாக்குமோ என அன்பர் சிலர் வினவுகின்றனர். நாள்தோறும் அருந்தும் காப்பியைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

நாம் விழித்திருக்குந்தோறும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து களைப்பை உணர்த்துகின்றது. காப்பியிலுள்ள கஃபீன், அடினோசின் பற்றவேண்டிய இடங்களில் தான் அமர்ந்து அவ்வுணர்த்தலைத் தடுக்கின்றது. களைப்புத் தீர்வதில்லை, அதன் குரலே அடங்குகின்றது. பழகிய மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. பின்னர் ஒருநாள் காப்பி கிடையாவிடில், 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலியும் சோர்வும் தோன்றுகின்றன. அவற்றைப் போக்கப் பருகும் காப்பி புதிய கூர்மையைத் தருவதன்று. இழந்த நிலையை மீட்பதேயாம்.

ஆம்பெட்டமினோ டோபமினைப் பெருக்கி, மனிதனைக் கடும் அடிமைத்தனத்தில் ஆழ்த்தவல்லது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நேர்மையாகாது.

ஐந்தாம் சீலம் விலக்குவது மதிமயக்கும் பொருளையன்றோ, காப்பி விழிப்பையன்றோ தருகின்றது என்பர். உண்மையே. ஆயினும் அஃதின்றி விழித்திருக்க இயலாதவனுடைய விழிப்பு அவனுக்கு உரியதாகுமா? அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்ப்போமாக. மனம் எவ்விடத்தில் தவிக்கின்றதோ, அவ்விடத்திலேயே நம்மைப் பிணித்த கட்டு புலப்படும்.