மீன்பாசி குத்தகை

ஊர்க்குளத்து மீனை ஏலம் விடுவதற்கு அரசாங்கக் காகிதத்தில் 'மீன்பாசி குத்தகை' என்று பெயர். ஏலம் எடுக்கிறவர் பணம் கட்டுவது மீனுக்குத்தான், பாசி சும்மா கூடவே வருகிறது. கோடையில் நாஞ்சில் நாட்டுச் சின்னக் குளம் ஒன்றில் வலை வீசினால், மீனுக்கு முன்னால் வழுவழுவென்று ஏறி வருவது அதுதான். குத்தகைக்காரர் எரிச்சலோடு கேட்பார்: "இத நானா கொண்டு போட்டேன்?"

நியாயமான கேள்வி. அப்படியானால் யார் போட்டது?

கனடாவில் 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு '226' என்ற எண் கொண்ட ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையாகத் திரண்டது. பாசிக்குத் தேவையான தீனிகளில் நாம் கணக்குப் பார்க்க வேண்டியது எது என்பதை அந்த ஏரி காட்டிக்கொடுத்தது.

நம் குளத்துக்குப் பாஸ்பரஸ் வரும் வழி எல்லோருக்கும் தெரியும். பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் வழியே வயலுக்கும் குளத்துக்கும் வருகிறது. மேல் வயலில் போட்ட உரத்தின் மிச்சம் வடிந்து கீழ்க்குளத்தில் சேர்கிறது. படித்துறையில் சோப்பு நுரை, ஓடையில் வீட்டுச் சாக்கடை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "எனக்க ஒரு துண்டு சோப்புலயா குளம் கெட்டுப்போச்சு?"

சிக்கல் என்னவென்றால், அவர் சொல்வது உண்மை. அவர் ஒருவர் நிறுத்தினால் குளத்தில் ஒன்றும் மாறாது. நமக்குத் தெரிந்த அறமெல்லாம் செய்தவனையும் செயலையும் தேடிப் பழகியது. இங்கே செயல்கள் எல்லாம் அப்பாவி, கூட்டுத்தொகை மட்டும்தான் குற்றவாளி. கூட்டுத்தொகையை யார் கூண்டில் ஏற்றுவது?

ஆள் கிடைக்காதபோது மருந்து தேடுகிறோம். மயில்துத்தம் போட்டால் பாசி சாகும். ஆனால் செத்த பாசி அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு மிதக்கும். பாஸ்பரஸ் குளத்திலேயே இருக்கும், அடுத்த பாசிக்குச் சாப்பாடு தயார். செம்பு சேற்றில் தங்கும்.

"அந்தக் காலத்துல ஊரே கூடிக் குளத்தைச் சுத்தம் பண்ணிச்சு" என்று பெருமூச்சு விடுவது இன்னொரு வழி. ஆனால் அந்தக் காலத்திலும் சேற்றில் இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இறங்கவில்லை. திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்ற பெயரில் கூலியில்லா வேலை ஒடுக்கப்பட்ட சாதிகள் மேல் சுமத்தப்பட்டிருந்தது. 'எல்லோருக்கும் பொறுப்பு' என்று நாம் சொல்லும்போதெல்லாம், அந்தப் பொறுப்பு மெதுவாக வழிந்து, மறுக்க முடியாதவர்கள் தலையில் போய் நிற்கிறது.

ஆகவே பொறுப்பைக் குற்றத்தின் அளவால் அளக்காமல், மாற்றிக்கொள்ளக்கூடிய வசதியின் அளவால் அளக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் குழாய்த் தண்ணீர் வராத பெண்ணிடம் படித்துறைக்கு வராதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மண்பரிசோதனை செய்து உரத்தைக் குறைத்தால் விவசாயிக்குக் காசு மிச்சம், அவரிடம் கேட்கலாம். ஓடையில் விடும் சாக்கடையை ஒரு தனிமனிதரால் திருப்ப முடியாது, உள்ளாட்சியால் முடியும். அங்கேதான் உரக்கக் கேட்க வேண்டும்.

பாசியை வாரிக் கரையில் குவித்தால் அடுத்த மழை திரும்ப உள்ளே தள்ளும். தென்னை மூட்டில் கொண்டு போட்டால், அது தின்ற பாஸ்பரஸும் குளத்தைவிட்டு வெளியே போகும். மெனக்கெட்ட வேலை, வருஷாவருஷம் செய்ய வேண்டியது. அந்தக் கூலி குத்தகைக்காரர் ஒருவர் தலையில் விழுவது சரியில்லை. ஏலப்பணம் வாங்கும் கை அதில் பங்கு தரட்டும். காகிதத்தில் மீனும் பாசியும் ஒரே சொல்லாகத்தானே இருக்கிறது.