தன்னுடையதல்லாததைத் தர்மம் செய்தல்

நல்ல காரியத்துக்குச் சட்டம் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி நம் மத்தியில் அடிக்கடி எழுவதுண்டு. கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். பெறுபவர் மகிழ்ச்சியோடு பெறுகிறார். சேரும் பணம் ஒரு நோயாளியின் சிகிச்சைக்குப் போகிறது. இதற்குள் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுள் அநேகர் உண்மையாகவே கொடுக்க விரும்புகிறவர்கள். அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுத்து, நமது ஊர்களுக்குத் தூரமான ஓர் உதாரணத்தின் மூலம் அதை ஆராய்ந்து பார்க்க விரும்புகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகச் சிறு விமானம் ஓட்டுவோர் பலர் இருக்கின்றனர். சிலர் சொந்தமாக விமானம் வைத்திருப்பர். சிலர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பறப்பர். அங்கு வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் வணக்கத்தலங்களும் நிதி திரட்டும் விருந்துகளை நடத்துகின்றன. ஊர்க் கடைக்காரர் ஒரு பரிசுப் பொருள் கொடுப்பார். விமானம் ஓட்டத் தெரிந்தவரோ, “என் பங்குக்கு ஒரு மணித்தியாலப் பறப்பு” என்பார். அந்தப் பறப்பை ஏலத்தில் விடுவார்கள், அல்லது லொத்தர் ரிக்கட் விற்றுக் குலுக்கலில் கொடுப்பார்கள்.

என்னிடம் படித்து இப்போது அங்கு வாழும் ஒருவர் இப்படியொரு பறப்பை ஓர் இலவச வைத்திய நிலையத்துக்காகக் கொடுக்க எண்ணியிருந்தார். சட்டத்தைப் பார்த்துக்கொள் என்று பறக்கும் நண்பர்கள் எச்சரித்தபோது அவருக்கு மனவருத்தம். தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: “சேர், சும்மா குடுக்கிறத்துக்குமா சட்டம்? பக்கத்து வீட்டுக்காரர நான் சும்மா ஏத்திட்டுப் போனா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதே மனுஷன் ஆஸ்பத்திரிக்கு ஐந்நூறு டொலர் குடுத்துட்டு வந்தா மட்டும் கேக்கிறாங்க. அதே விமானம், அதே வானம், அதே நான். எங்க வித்தியாசம்?”

கேள்வி நியாயமானது. முதலில் அந்நாட்டுச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம்.

தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற்றவர் கூலிக்கோ பிரதிபலனுக்கோ பயணிகளை ஏற்ற முடியாது என்பது பொது விதி. எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றைப் பயணிகளோடு பங்கிட்டுக்கொள்ளலாம். தன் பங்கை விடக் குறைவாக அவர் கொடுக்கக் கூடாது. பிரதிபலன் என்ற சொல்லுக்கு சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகம் கொடுக்கும் விளக்கம் விரிவானது. காசு கைமாறத் தேவையில்லை. பிறர் செலவில் பறந்து தன் பறப்பு மணித்தியாலங்களைக் கூட்டிக்கொள்வதும் பிரதிபலனே. பிற்காலத்தில் இலாபம் தரும் என்று எதிர்பார்த்துச் சம்பாதிக்கும் நல்லெண்ணம்கூட அதில் அடங்கலாம்.

தர்ம நிதிக்கான பறப்புக்கென்று அதே சட்டம் ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறது. 2007இல் வெளியான விதியின்படி, அத்தகைய பறப்பை நடத்தும் தனியார் விமானி குறைந்தது 500 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அதற்கு முன்னர் 200 போதுமாக இருந்தது. பகலில், கண்ணால் பார்த்துப் பறக்கக்கூடிய வானிலையில் மட்டுமே பறக்கலாம். புறப்பட்ட நிலையத்திலேயே, இடையில் எங்கும் இறங்காமல், வந்திறங்க வேண்டும். 25 மைல் சுற்றளவைத் தாண்டக் கூடாது. ஆண்டில் நான்கு தர்ம நிகழ்வுகளுக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றும் மூன்று நாட்களுக்கு மேல் நீளக் கூடாது. ஏழு நாட்களுக்கு முன்பே நிர்வாகத்தின் பிராந்திய அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இனி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் பரிசு பெற்றவருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர் விமானியை அறிவார். அவர் நிதானமானவரா அவசரக்காரரா என்பதும் தெரியும். பயமாக இருந்தால், “இன்டைக்கு வேணாம்” என்று சொல்லிவிடுவார். பரிசு பெற்றவருக்கு விமானி அந்நியர். அவர் நம்பியது வைத்திய நிலையத்தின் பெயரை. நல்லவர்கள் நடத்தும் நிகழ்வில் கெட்டது நடக்காது என்ற எண்ணத்தோடு ஆசனத்தில் ஏறி அமர்கிறார். அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்தது தர்மத்தின் பெயர். ஆகவே அதற்குப் பொறுப்பும் தர்மத்தின் பெயரால் செய்தவர்களையே சாரும்.

இன்னொன்றும் உண்டு. பரிசு என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி கொடுத்தவரை அது உந்தும். குடும்பம் உடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்துவிட்டது. மேற்கே மேகம் திரள்கிறது. காசு ஏற்கெனவே வைத்திய நிலையத்துக்குப் போய்விட்டது. தனியாக இருந்தால் திரும்பிப் போயிருக்கும் விமானி, இப்போது “ஒரு சுற்றுத்தானே” என்று நினைக்கக் கூடும். பகல், தெளிந்த வானம், புறப்பட்ட இடத்திலேயே இறங்குதல் என்ற நிபந்தனைகள் இந்த உந்துதலுக்குப் போடப்பட்ட கடிவாளங்கள் என்றே எனக்குப் படுகிறது. நல்லெண்ணம் விமானத்தைத் தாங்கி நிற்பதில்லை. என்ஜினுக்கு நிய்யத் தெரியாது.

அப்படியானால் கொடுப்பவருக்குச் சிறு பயன் கிடைப்பதே குற்றமா? அல்ல. ஹஜ்ஜுக்குச் சென்றவர் அங்கு வியாபாரம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. பயன் கிடைப்பது அமலைக் கெடுத்துவிடாது. கிடைக்கும் பயனை மறைத்து, “எனக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்லும் இடத்தில்தான் நோய் ஆரம்பிக்கிறது. பிரதிபலன் என்று சட்டம் பெயர் வைப்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கின்றேன். உள்ளத்தின் தூய்மையை அளக்க அதற்கு அதிகாரமும் இல்லை, கருவியும் இல்லை. கணக்கைத் திறந்து வை என்று மட்டும் கேட்கிறது.

வரிச் சட்டத்திலும் இதே கண்டிப்பைக் காணலாம். விமானி தன் நேரத்துக்கும் உழைப்புக்கும் ஒரு விலை போட்டு, அதை நன்கொடை என்று வரியில் கழித்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஏலத்தில் பறப்பை வாங்கியவர், அதன் சந்தைப் பெறுமதிக்கு மேலாகக் கொடுத்த தொகையை மட்டுமே நன்கொடையாகக் காட்டலாம். லொத்தர் ரிக்கட் வாங்கியவருக்கு அதுவும் கிடையாது. அவர் வாங்கியது ஒரு வாய்ப்பை, கொடுத்தது நன்கொடை அல்ல என்பது வரித் திணைக்களத்தின் நிலைப்பாடு.

இந்த இடத்தில் நமது வாசகருக்கு வேறொன்று ஞாபகம் வரும். ஜாஹிலிய்யாக் காலத்து அறபிகள் அம்புகளைக் குலுக்கி, அறுத்த ஒட்டகத்தின் பங்குகளுக்காகச் சூதாடினர். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுவதும் வழக்கமாயிருந்தது என்று முபஸ்ஸிரீன்கள் எழுதியிருக்கின்றனர். மைஸிர் என்று அல்குர்ஆன் சொன்னது இதைத்தான். அதில் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை அல்பகறா அத்தியாயத்தின் 219ஆவது வசனம் மறுக்கவில்லை. பாவமே பெரிது என்று தீர்ப்புச் சொல்கிறது. ஏழை பசியாறினான் என்பதால் குலுக்கல் தர்மமாகிவிடவில்லை. தர்மத்துக்கான லொத்தர் நேற்று முளைத்ததல்ல என்பதை நாம் மறந்துவிட்டோம். ரிக்கட் புத்தகத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பும்போது, அவர்களுக்கு நாம் எந்தப் பாடத்தைப் படிப்பிக்கின்றோம்? இரக்கத்தையா, அதிஷ்டத்தையா?

ஏலம் வேறு விடயம். பொருள் தெரியும், விலை தெரியும், வாங்கியவருக்குப் பொருள் போய்ச் சேரும். ஆயினும் பறப்பு என்ற பொருளில் வானிலையும் விமானத்தின் நிலையும் கலந்திருக்கின்றன. எப்போது பறப்பது, மழை பெய்தால் என்ன செய்வது, ஓட்டுபவரின் அனுமதி எத்தகையது, எவ்வளவு காலம் பறந்தவர், காப்புறுதி இந்தப் பயணத்தை உள்ளடக்குமா என்பவற்றை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அந்நாட்டில் 1997இல் வந்த தொண்டர் பாதுகாப்புச் சட்டம் சாதாரணக் கவனக்குறைவுக்காகத் தொண்டர் மீது வழக்குப் போடுவதிலிருந்து அவரைப் பெரும்பாலும் காக்கிறது. ஆனால் அனுமதிப்பத்திரமோ காப்புறுதியோ தேவைப்படும் வாகனம், கப்பல், விமானம் ஆகியவற்றை ஓட்டி விளைவித்த தீங்குக்கு அந்தக் காப்பு இல்லை என்று விலக்கியும் வைத்திருக்கிறது. பிறர் உயிர் கையில் இருக்கும்போது தொண்டன் என்ற பெயர் கேடயமாகாது.

சட்டம் இறுக இறுகக் கொடுப்போர் பின்வாங்குவார்கள் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 500 மணித்தியாலத்தை எட்டாத கவனமான விமானி ஒருவர் இதனால் தடுக்கப்படுவார். 500ஐத் தாண்டிய கவனயீனர் ஒருவர் அனுமதிக்கப்படுவார். இலக்கத்தால் குணத்தை அளக்க முடியாது. ஆனால் பயணிக்கு விமானியின் குணத்தை ஆராய வழியில்லை. இலக்கம் ஒன்றுதான் அவர் கேட்டுப் பார்க்கக் கூடியது. தடுக்கப்பட்டவருக்கும் கதவு அடைபடவில்லை. ஒரு மணித்தியால எரிபொருளின் விலையைக் காசாக உண்டியலில் போட எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. அதில் மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை என்பதுதான் குறை. அந்தக் குறை சிலருக்குக் கசப்பாக இருந்தால், அந்தக் கசப்பே அவர்களது நிய்யத்தைப் பற்றி அவர்களுக்கு ஏதோ சொல்கிறது.

ஸதகாவுக்கு முதல் நிபந்தனை, கொடுக்கும் பொருள் கொடுப்பவருடையதாய் இருப்பது. விமானம் அவருடையது. எரிபொருள் அவருடையது. வெள்ளிக்கிழமைப் பின்னேரமும் அவருடையது. இவற்றை அவர் தாராளமாகக் கொடுக்கட்டும். பின் ஆசனத்தில் அமர்ந்திருப்பவரின் பாதுகாப்பு அவருடையதல்ல. அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் ஒரு துளியைக் குறைத்து எந்த ஏழைக்கும் தர்மம் செய்ய அவருக்கு உரிமையில்லை.