நான் இருக்கேனே, போதாதா?

பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைக்குச் சொல்ல வேண்டியது மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

நேற்று குருதட்சிணையில் நிறுத்தினோம். கடலில் போன பிள்ளையை குரு சாந்தீபனிக்கு மீட்டுக் கொடுத்தான் கண்ணன். அது நடந்து எத்தனையோ காலம். துவாரகையில் ஒரு நாள் தேவகி கேட்கிறாள்: "குருவின் பிள்ளையைக் கொண்டு வந்தாயே அப்பா, கம்சன் கொன்ற என் ஆறு பேரையும் ஒரு தடவை என் கண்ணில் காட்ட மாட்டாயா?" பாகவதத்தில் தசம ஸ்கந்தம், 85-ஆவது அத்தியாயம்.

எதிரே நிற்பது யார்? பரப்பிரம்மம்! பிள்ளையாக வந்து நிற்கிறது. அப்படியும் போன ஆறு பேரை அவள் மறக்கவில்லை. கண்ணன், "அம்மா, நான் இருக்கேனே, போதாதா?" என்று கேட்டானா? கேட்கவில்லை. அண்ணாவை அழைத்துக்கொண்டு சுதலத்துக்குப் போனான். மகாபலியிடம் வாங்கி வந்து அவள் மடியில் விட்டான். பால் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் அவர்கள் மேலே போனார்கள். போதாதா என்று அவன் கேட்கவே இல்லை. இதை வீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ஒரு குழந்தையைத் தத்து எடுக்கிறார்கள். புண்ணிய காரியம். ஊர் வாய் சும்மா இருக்கிறதா? "அதான் இன்னொண்ணு வந்துட்டுதே, இன்னும் என்ன அழுகை?" சொன்னவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள், சிரிக்காதீர்கள். அவள் அழட்டும். வந்த குழந்தை போன குழந்தைக்குப் பதில் ஆள் இல்லை. அதற்கென்று ஒரு பிறப்பு, அதற்கென்று ஒரு துக்கம் உண்டு.

கடல் தாண்டிப் போன குழந்தைகளின் துக்கத்தைக் கேளுங்கள். எழுபது, எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான சிசுக்கள் தத்தாக ஐரோப்பாவுக்குப் போயின. வளர்ந்து, பெற்றவளைத் தேடி வந்தால், சிலருக்குக் காகிதத்தில் தாய் என்று இருந்தவள் தாயே இல்லை! காசு கொடுத்துத் தாயாக நிறுத்தப்பட்டவள். நெதர்லாந்து அரசு அமைத்த குழு 2021 பிப்ரவரியில் இலங்கை, இந்தோனேசியா, வங்கதேசம், கொலம்பியா, பிரேசில் என்று ஐந்து நாடுகளில் நடந்த முறைகேட்டைச் சொன்னது. அரசு மன்னிப்புக் கேட்டது. நம் நாட்டில் 1984-லேயே லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், முதலில் இங்கேயே ஒரு வீடு தேடுங்கள், அப்புறம்தான் வெளிநாடு என்றது. இப்போது குழந்தையை ஒப்படைக்கிறவளுக்கு மனசு மாற 60 நாள் தருகிறது சட்டம். ஏன்? அவள் பெற்றவள், அதனால்தான்.

வளர்த்தவளைக் குறைவாகச் சொல்கிறேனா? யசோதையைக் குறைத்துச் சொல்ல நாக்கு எழுமா? ஆண்டாளே துளசி வனத்தில் கண்டெடுத்த பெண், பெரியாழ்வார் வளர்த்த பெண். திருப்பாவை 25-ஆம் பாசுரத்தில் பெற்றவள், வளர்த்தவள் இருவரையும் சேர்த்தே பாடுகிறாள். வளர்க்கக் கொடுத்து வைக்காத தேவகியின் புலம்பலுக்கென்று குலசேகரப் பெருமாள் ஒரு திருமொழியே பாடினார். யசோதைக்கு அதனால் என்ன குறைந்துபோயிற்று?

தாய்மார்களே, நீங்கள் வளர்க்கிற பிள்ளை ஒரு நாள் "என்னைப் பெத்தவ யாரு?" என்று கேட்கும். "இவ்வளவு செஞ்சேனே, நான் போதாதா?" என்று கண்ணைக் கசக்காதீர்கள். தத்துக் காகிதங்களைப் பீரோவில் ஒளித்து வைக்காதீர்கள். கேட்ட அன்றைக்கே எடுத்துக் கையில் கொடுங்கள். தேடப் போகிறேன் என்றால் நீங்களும் கூடப் போங்கள்.