பழுதுபட்ட அம்பைச் செப்பனிடலாமா?



சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ஊருக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு மாணவன். பள்ளியில் வில்வித்தை பயில்கிறான். மூங்கில் வில்லில் மர அம்பைத் தொடுத்து வைக்கோல் இலக்கில் எய்யும் விளையாட்டு அது. வந்த மறுநாளே தன் பையிலிருந்து மூன்று அம்புகளை எடுத்து என் முன் வைத்தான். ஒன்றில் இறகுகள் கசங்கியிருந்தன. இரண்டாவது, முனைக்குச் சற்றுப் பின்னால் ஒடிந்திருந்தது. மூன்றாவது முழுமையாகத் தோன்றியது. ஆனால் தண்டின் நடுவில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. "பாட்டி, நீங்கள் பள்ளியில் கைத்தொழில் கற்பித்தவர்கள்தானே? இவற்றை ஒட்டிக் கொடுங்கள்" என்றான்.

கை உடனே நீளவில்லை. முறிந்த நாற்காலியையோ கிழிந்த புத்தகத்தையோ கொடுத்திருந்தால் ஒரு கணமும் தயங்கியிருக்க மாட்டேன். அம்பு என்றதும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்று நெஞ்சில் தைத்தது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்க ஆண்டுகள் அவை. கைத்தொழில் வகுப்பில் மாணவன் ஒருவன் தன் முறிந்த உண்டிவில்லைச் செப்பனிட்டுக் காட்டினான். கவட்டைக் கட்டையின் பிளவில் நூலை நெருக்கமாகச் சுற்றி, முடிச்சே வெளியில் தெரியாதபடி இறுக்கியிருந்தான். அவ்வளவு நேர்த்தி! வகுப்பு முழுவதற்கும் அதைக் காட்டிப் பாராட்டினேன்; அதிக மதிப்பெண்ணும் கொடுத்தேன். அடுத்த வாரம் பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு மைனா இறந்து கிடந்தது. எந்தக் கையின் வேலை, எந்தக் கருவியின் வேலை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் வேலைப்பாட்டைப் பார்த்தேன். வேலை எதற்கு என்று கேட்கவில்லை. அந்தச் சிறுவனைக் கண்டிக்க என் நா எழவில்லை. பாராட்டியவள் நான் அல்லவா?

ஆகவே பேரனிடம், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, பழுதுபட்ட அம்பைச் செப்பனிடலாமா, கூடாதா என்று சிந்திக்கத் தொடங்கினேன்.

முதலில் செப்பனிடுதலின் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். உள்ளதைப் பேணிப் பயன்படுத்துகிறவன் புதியதற்கு ஆசைப்படுவதில்லை. ஒரு தண்டைச் செப்பனிட்டால் ஒரு கிளை வெட்டுப்படாமல் பிழைக்கிறது. மிகுபொருள் விரும்பாமைக்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை. அம்பைச் செப்பனிடும் வழக்கமும் மிகப் பழமையானது. இதற்கு ஒரு சான்று 1991ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆல்ப்ஸ் மலையில் கிடைத்தது.

இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே, ஏறத்தாழ 3,210 மீட்டர் உயரத்தில், உருகும் பனியிலிருந்து ஒரு மனிதனின் உடல் வெளிப்பட்டது. அவன் 5,000 ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்தவன். ஓட்ஸி என்று அவனுக்குப் பெயரிடப்பட்டது. 1998 முதல் அவன் உடலும் உடைமைகளும் இத்தாலியின் பொல்சானோ நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அவனுடைய அம்பறாத்தூணியில் 14 அம்புத் தண்டுகள் இருந்தன. அவற்றுள் 12 வேலை முடியாதவை. இரண்டு மட்டுமே சிக்கிமுக்கிக் கல் முனையும் இறகும் பொருத்தி முடிக்கப்பட்டவை, அவ்விரண்டும் முறிந்திருந்தன. இறகுகள் பிர்ச்சு மரப்பட்டைக் கீலால் ஒட்டப்பட்டு, காஞ்சொறி இனச் செடியின் மெல்லிய நாரால் சுற்றப்பட்டிருந்தன. ஓர் அம்பின் முன்பகுதி மட்டும் வேறு மரத்தால் ஆனது, தண்டோடு பொருத்தப்பட்டிருந்தது. முன்பு முறிந்ததைச் செப்பனிட்ட அடையாளம் இது என்று ஆய்வாளர்கள் கருதினர். கல்முனைகளை மீண்டும் கூராக்க மான்கொம்பு பதித்த சிறு கருவியும் அவனிடம் இருந்தது. முறிந்ததை எறியாமல் பேணிய பொறுமைசாலி அவன் என்பதில் ஐயமில்லை.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நானும் பாராட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் 2001இல் அவன் உடலை ஊடுகதிர் கொண்டு சோதித்தபோது, இடத்தோளின் உள்ளே ஒரு கல் அம்புமுனை தெரிந்தது. பின்னாலிருந்து யாரோ எய்த அம்பு அவன் உயிரைக் குடித்திருக்கிறது. அந்த அம்பையும் ஒருவன் இதே பொறுமையோடுதான் செதுக்கியிருப்பான்; இறகைக் கட்டியிருப்பான். வேலைத்திறன் இருபக்கமும் ஒன்றே. எனவே, "நேர்த்தியாகச் செய்தேன்" என்பது ஒரு செயலை அறமாக்கிவிடாது. மைனா எனக்குக் கற்பித்ததை, ஆல்ப்ஸ் மலை மனிதன் மறுமுறையும் கற்பித்தான்.

அப்படியானால் நம் ஆகமம் என்ன சொல்கிறது? தசலட்சணப் பருவத்தில் நாளுக்கோர் அத்தியாயமாக நாம் படிக்கும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், வினை வந்து சேரும் வாயில்களை உமாஸ்வாமி வகுத்துரைக்கிறார். செய்ய எண்ணுதல் சம்ரம்பம். அதற்குரிய கருவிகளைச் சேர்த்தல் சமாரம்பம். செயலைத் தொடங்குதல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் எனவும் மூவகைப்படும். வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களோடு இவற்றைப் பெருக்கினால் 108 ஆகும். ஜபமாலையின் 108 மணிகளுக்கு இதனையே காரணமாகப் பெரியோர் கூறுவர்.

இந்தக் கணக்கில் செப்பனிடுபவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். வேட்டைக்காரனின் அம்பை ஒட்டிக் கொடுப்பவன் நாணைத் தொடவே இல்லை. ஆயினும் கருவியைச் சேர்த்த அளவில் அவன் சமாரம்பத்தில் நிற்கிறான். ஒட்டாமல் பாராட்டியவள் உடன்பாட்டில் நிற்கிறாள். "நான் எய்யவில்லையே" என்பது 108 மணிகளில் ஒரு மணிக்குச் சொல்லும் விடை மட்டுமே.

சமந்தபத்திராசாரியார் இல்லறத்தார்க்கு அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பயனின்றிப் பாவம் சேர்க்கும் அனர்த்த தண்டங்கள் ஐந்து சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று இம்சாதானம். உயிர்க்கொலைக்குக் காரணமானவற்றைப் பிறர்க்குக் கொடுத்தல். அந்தப் பட்டியலில் வாளும் கோடரியும் மட்டுமன்று. மண்ணைத் தோண்டும் கருவியும் நெருப்பும் கூட உள்ளன. இவை இன்றி எந்த இல்லறத்தான் வாழ முடியும்? ஆகவே பொருள் மட்டும் குற்றமாவதில்லை. அது எதற்குக் காரணமாகப் போகிறது என்பதை எண்ணாமல் கொடுப்பதே குற்றம். அதே மண்வெட்டி வரப்பையும் கட்டும், பாம்பையும் வெட்டும்.

இந்த அளவில் தெளிவு பிறந்தது. வைக்கோல் இலக்கில் எய்யும் விளையாட்டில் கொலை எண்ணம் இல்லை. கண்ணும் மூச்சும் ஒருமைப்படுவது சிறுவனுக்கு நன்மையே. செப்பனிடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் பேரனிடம் அதைச் சொன்னபோது, அவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் மீண்டும் என்னை நிறுத்தியது.

"நடுவில் வெடித்ததை நான் எய்ய மாட்டேன் பாட்டி. ஒட்டி, மேலே நாடாவைச் சுற்றிவிட்டால் வெடிப்பு தெரியாது. புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன்களுக்குக் கொடுத்துவிடலாம்."

அவன் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. தானம் செய்வதாகவே நினைத்தான். மர அம்பு நாணிலிருந்து விடுபடும் கணத்தில் வில்லைப் போலவே வளைந்து நிமிர்கிறது. நடுவில் வெடிப்பு இருந்தால் அந்த வளைவில் அது பிளந்து, வில்லைப் பிடித்திருக்கும் கையிலேயே சிராய் பாயும். வெடிப்பு நீங்கவில்லை, நாடாவால் மறைக்கப்பட்டது மட்டுமே. உண்டிவில்லின் பிளவை முடிச்சுத் தெரியாமல் மறைத்த சிறுவனை நான் பாராட்டியது நினைவுக்கு வந்தது. இம்சாதானத்துக்குப் பகைவன் வேண்டியதில்லை. மறதியும் அலட்சியமுமே போதும். பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்பது நம் சூத்திரம் தரும் இலக்கணம் அல்லவா?

அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த அம்பின் இரு முனைகளையும் அவன் கையில் கொடுத்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு மெல்ல வளைக்கச் சொன்னேன். இலேசாக ஒரு முறிவோசை கேட்டது. "இந்த ஓசையை அந்தச் சின்னப் பையன் கேட்பானா?" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு நாடாவை எடுத்துப் பெட்டியில் வைத்தான்.

அதன்பின் இருவரும் வேலையில் இறங்கினோம். கசங்கிய இறகுகளைக் கொதிக்கும் நீரின் ஆவியில் காட்டினோம்; அவை தாமாகவே நிமிர்ந்தன. முனையருகில் ஒடிந்ததைச் சரிவாகச் சீவி, உறுதியான மரத்துண்டு ஒன்றையும் அதே சரிவில் சீவிப் பொருத்தினோம். நேராக வெட்டி ஒட்டும் பொருத்து நில்லாது. சரிவு நீளமாக இருந்தால்தான் பசைக்குப் பிடிப்பு உண்டு. தச்சர்கள் முன்னாளில் பயன்படுத்திய வச்சிரம் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஆகவே அதைத் தவிர்த்து, கடையில் விற்கும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்தினோம். காய்ந்தபின் வளைத்துப் பார்த்தோம், ஓசை இல்லை. ஆயினும் பயிற்சி ஆசிரியரிடம் காட்டி, அவர் ஒப்பிய பிறகே எய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். எய்வதற்கு முன் இலக்கின் பின்னால் ஆளோ ஆடோ குருவியோ இருக்கிறதா என்று பார்ப்பதும் என் நிபந்தனை.

நடுவில் வெடித்ததை அவனே இரண்டாக முறித்தான். பாகற்கொடிக்கு ஊன்றுகோல் வேண்டியிருந்தது. இரண்டையும் அங்கே நட்டான்.

சகோதரிகளே, நம் வீடுகளில் அம்புகள் இல்லை. ஆனால் உறை தேய்ந்த மின்கம்பியுடைய இஸ்திரிப் பெட்டி, அடைப்பான் பழுதான அழுத்தக் கொதிகலன், கால் ஆடும் ஏணி ஆகியவை இருக்கின்றன. நமக்கு ஆகாது என்று ஒதுக்கியவற்றை மேலே துடைத்து, வேலைக்கு வருபவளுக்கோ ஏழை உறவினர்க்கோ கொடுத்து, தானம் செய்ததாக மனநிறைவு கொள்கிறோம். கொடுக்குமுன் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். ஓசை கேட்டால், செப்பனிட முடிந்ததைச் செப்பனிட்டுக் கொடுங்கள். முடியாததை வேறு பணிக்கு ஆக்குங்கள், அல்லது முறித்துவிடுங்கள். பழுதை மறைத்து மட்டும் கொடுக்காதீர்கள்.

அந்த மைனாவுக்கு நான் செய்யக்கூடியது இனி ஒன்றுமில்லை. என் பேரனின் கையிலிருந்து வேறொரு சிறுவனின் கைக்குச் சென்றிருக்க வேண்டிய அந்த அம்பின்மேல் இன்று பாகற்கொடி படர்ந்திருக்கிறது. இதை எழுதும்போது அது இரண்டு பிஞ்சு விட்டிருக்கிறது.