சின்னப் பையன்தானே என்றான் சூரன்

ஓம் சரவணபவ.

கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் கடற்கரையில் லட்சக்கணக்கில் கூடுகிறோம். சூரன் சாயும்போது தொண்டை வறள அரோகரா போடுகிறோம். ஆனா அவன் எங்கே தோற்றான்? போர்க்களத்தில் இல்லை, அதுக்கு முன்னாடியே தன் கண்ணால தோற்றுவிட்டான் என்றுதான் எனக்குத் தோணும்.

108 யுகம் ஆயுள், 1008 அண்டம் ஆட்சி என்று வரம் வாங்கினவன் சூரபத்மன். வீரபாகு தூது போய், வந்திருப்பது யார் என்று பொறுமையா எடுத்துச் சொல்கிறார். அவன் காதில் ஏறவே இல்லை. சின்னப் பையன், இவன் என்ன செய்துவிடுவான் என்பதே அவன் கணக்கு. உருவத்தைப் பார்த்தான், அதோட முடிவு கட்டிவிட்டான்.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் அடுத்து ஒரு இடம் வரும். முருகன் விஸ்வரூபம் காட்டுகிறார். சூரன் அப்படியே உருகிப் போகிறான். பையன்னு நினைச்சோமே, பரம்பொருளே இவர்தானே என்று புரிகிறது. கும்பிடக்கூட மனசு வருகிறது, மானம் தடுக்கிறது. சுவாமி அந்தப் பேருருவை மறைத்துப் பழையபடி நின்றதும் அவனுடைய ஆணவமும் திரும்பி வந்துவிடுகிறது.

மக்களே, நமக்கும் இதேதான் நடக்குது. சன்னதியில் நிற்கும் அந்தப் பத்து நொடி கண் கலங்குறோம். சண்முக விலாசம் தாண்டி வெளியே வர்றதுக்குள்ள பழைய கண் வந்துடுது. அழுக்கேறின பச்சை வேட்டியோட, பாதம் வெடிக்க நடந்து வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தா, கொஞ்சம் தள்ளி உட்காருறோம். பாசிமணி விக்கிற அக்கா கிட்ட வந்தா பையை இறுக்கிப் பிடிக்கிறோம். போன்ல டிபி மட்டும் வள்ளி கல்யாணம்! தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பிள்ளை வள்ளி. அவளைத் தேடிப் போனப்போ நம்ம சாமி வேடனா வந்தார், தள்ளாடுற கிழவனாவும் வந்தார். அவர் எந்த வேஷத்தில் வருவார்னு யாருக்குத் தெரியும்?

செந்தூரிலிருந்து தாமிரபரணியை ஒட்டி மேற்கே வந்தா ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயது வரை பேச்சே வராத ஒரு பிள்ளை இங்கே பிறந்தது. ஊர் என்ன சொல்லியிருக்கும்? அந்தப் பிள்ளையைச் செந்தூர் சன்னதிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அந்த வாயிலிருந்துதான் கந்தர் கலிவெண்பா வந்தது. அவர்தான் குமரகுருபரர்.

அதே ஸ்ரீவைகுண்டத்தில், 2023 டிசம்பர் 17 இரவு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டின நேரம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோட அங்கே நின்றது. முன்னாடி தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியெல்லாம் வெள்ளத்தில் போயிருந்தது. வண்டியை மேலே போகவிடாம நிறுத்தி வைத்தவர் நிலைய அதிகாரி ஜாபர் அலி. பக்கத்துப் புதுக்குடி மக்கள், சுத்தி வெள்ளம் நிக்கும்போது, சமைச்சுக் கொண்டுவந்து போட்டாங்க. பசிச்சவன் யாரு, எந்த ஊரு, என்ன உடைன்னு பார்த்து வந்த சோறு இல்லை அது. வாங்கின கையும் கொடுத்த கையைப் பார்த்துத் தயங்கலை.

"ஏமாத்துறவங்களும் இருக்காங்களே?" என்று கேட்பீங்க. இருக்காங்க. ஒருத்தர் செய்கையைப் பார்த்து எச்சரிக்கையா இருக்கிறது விவேகம். சட்டையைப் பார்த்து முடிவு கட்டுறது சூரன் புத்தி. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

அதனால ஒரு சின்ன விரதம். இந்தச் செவ்வாய்க்கிழமை, முன்பின் தெரியாத ஒருத்தரைப் பார்த்ததும் மனசு மார்க் போட ஆரம்பிச்சா, உள்ளுக்குள்ள ஒரு தடவை "முருகா" சொல்லுங்க. பிறகு அவர்கிட்ட, "அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா, எந்த ஊரு?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. அவ்வளவுதான்.

தன்னைச் சின்னப் பையன் என்று இளக்காரமா பார்த்தவனைச் சுவாமி என்ன செய்தார்? அசுரன்தானே என்று ஒதுக்கலை. வேலால் பிளந்தவனையே மயிலாக்கி ஏறிக்கொண்டார், சேவலாக்கிக் கொடியில் வைத்தார். பகைவனையே அப்படிப் பார்த்த சாமியோட பிள்ளைகள் நாம. பக்கத்து சீட்டில் இருக்கிறவரை எப்படிப் பார்க்கணும்?

செந்தூரில் பன்னீர் இலையில் திருநீறு வாங்கும்போது நீட்டின கைகளையெல்லாம் ஒரு தடவை பாருங்க. எல்லாக் கையிலும் விழுவது அதே இலை, அதே நீறு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!