முணுமுணுப்பும் கருதலளவையும்

புகையைக் கொண்டு நெருப்பை அறிவதைச் சைவ சித்தாந்தம் கருதலளவை என்கிறது. நெருப்பின்றிப் புகை இராது என்னும் மாறாத் தொடர்பே அதற்கு அடிப்படை. ஆனால், வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாகச் செய்துவரும் சமுதாய நலப் பணி போன்றவற்றில், குழந்தையின் நெஞ்சில் கேட்கும் இதய முணுமுணுப்பு, அதாவது குருதி சுழித்தோடுவதால் எழும் கூடுதல் ஒலி, அத்தகைய தொடர்பற்ற குறியாகவே நிற்கிறது. 1909இல் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் விவரித்த, எழுந்து அமர்ந்தால் பெரும்பாலும் மெலியும் இசைத்தன்மையுள்ள ஒலி தீங்கற்றது. இதயம் விரியும்போது எழும் ஒலியோ, உதடு நீலம் பாரித்தலும் பால் குடிக்கையில் வியர்த்தலும் உடன்வரும் ஒலியோ எக்கோ பரிசோதனையைக் கோருகிறது. இதயத்தில் பெரிய துளை இருந்தும் பிறந்த முதல் நாட்களில் ஒலி கேளாதிருக்கலாம் என்பதால், ஒலியின்மையும் நலத்திற்கு உறுதியான சான்றன்று. இந்நிலையில் முணுமுணுப்பு கேட்டதைப் பெற்றோரிடம் மறைப்பது அறமாகாது. ஆனால், தீங்கற்றதெனத் தெளிந்தபின் அதை ஐயத்திற்கிடமின்றிச் சொல்லாமல் விடுவது, நோயற்ற குழந்தையை நோயாளியாக்கி விளையாட்டிலிருந்தே விலக்கிவிடும் பெருந்தீங்காகும்.